எரிவும் ஆபத்தும்: மிளகாய்த் தெளிப்புக்கு உள்ளானவர்களுக்கு முதல் இருபது நிமிடம்

1974 ஜனவரி 10ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தின் வெளியே நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது பொலிஸார் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசினார்கள். வேட்டுகளும் தீர்க்கப்பட்டன. மின்கம்பி அறுந்து சனத்தின் மேல் விழுந்தது. அன்று மாண்டவர்களுக்காக எழுப்பப்பட்ட நினைவுத் தூண்களை முற்றவெளிப் பக்கம் போகிறவர்கள் இன்றும் காணலாம். யார் பொறுப்பு என்ற கேள்வியை ஓய்வுபெற்ற நீதியரசர் ஓ. எல். டி கிரெட்சர் தலைமையிலான உத்தியோகப்பற்றற்ற குழு விசாரித்தது. அதன் பின்னும் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. மருத்துவ உதவிக்குப் போகிறவர் அந்த இரவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. மாண்டவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது மின்சாரம். புகை கண்ணை மறைத்தது. சாவு வேறு வழியால் வந்தது.

கண்ணையும் மூச்சையும் எரிக்கும் பொருட்கள் பயன்படுத்தப்படும் இடங்களில் இது திரும்பத் திரும்ப நடப்பதுதான். அலறுபவர் பலர், அவர்களில் அநேகருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் வலி தணிந்துவிடும். அலறாமல் ஒதுங்கி இருக்கும் ஒருவரோ இருவரோ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பார்கள், அல்லது தலையில் அடிபட்டிருப்பார்கள். அம்புலன்ஸில் வருபவரின் திறமை எரிவை ஆற்றுவதில் இருப்பதைவிட, எரிவின் கூச்சலுக்குள் மறைந்திருக்கும் ஆபத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. இக்கட்டுரை பெப்பர் ஸ்பிரேக்கு உள்ளானவர்களுக்கான முன்மருத்துவத்தை அந்த நோக்கிலேயே அணுகுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தண்ணீர், வீடு, வைத்தியசாலை, வரலாறு ஆகியவற்றோடு அதைப் பொருத்தியும் பார்க்கிறது.

ஒரே குடும்பத்தின் மூன்று பிள்ளைகள்

குடாநாட்டில் ஒருவர் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தால் அவர் மேல் பட்டது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். முதலாவது கண்ணீர்ப்புகை. புங்குடுதீவு மாணவியின் கொலைக்கு நீதி கேட்டு 2015 மே 20ஆம் திகதி யாழ்ப்பாண நீதிமன்ற வளாகத்தின் முன் திரண்ட கூட்டத்தைக் கலைக்கப் பொலிஸார் பயன்படுத்தியது இதைத்தான். இது பெரும்பாலும் சி.எஸ். என்ற இரசாயனம். 1928இல் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் கோர்சன், ஸ்டோட்டன் என்ற இருவர் உருவாக்கியது. இருவரின் பெயர்களின் முதல் எழுத்துகளே அதன் பெயராயின. உண்மையில் அது வாயு அன்று, காற்றில் மிதக்கும் நுண்ணிய திண்மத் துகள்.

இரண்டாவது பெப்பர் ஸ்பிரே. மிளகாயிலிருந்து வடித்தெடுத்த எண்ணெய்ப்பிசினைக் கரைப்பானில் கலந்து, அழுத்தத்துடன் குப்பியில் அடைத்தது. 2014 பெப்ரவரி 13ஆம் திகதி தெலங்கானா சட்டமூலம் முன்வைக்கப்பட்டபோது இந்திய மக்களவைக்குள் உறுப்பினர் லகடபாடி ராஜகோபால் தெளித்தது இதுவே. சக உறுப்பினர்கள் சிலரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அடைபட்ட மண்டபத்தில் ஒரு சிறு குப்பி எவ்வளவு பேரைத் தாக்கும் என்பதற்கு அது போதிய சான்று.

மூன்றாவது வெறும் மிளகாய்த்தூள். 2018 நவம்பர் 16ஆம் திகதி, அரசியலமைப்பு நெருக்கடியின் நடுவில், இலங்கைப் பாராளுமன்றத்துக்குள் சபாநாயகரைச் சூழ்ந்து வந்த பொலிஸார் மீதும் உறுப்பினர்கள் மீதும் மிளகாய்த்தூள் வீசப்பட்டது. நாட்டின் அதியுயர் சபையிலேயே நடந்தது கடைத்தெருவில் நடக்காதிருக்குமா? கண்ணில் மிளகாய்த்தூளை வீசிவிட்டுக் காசைப் பறித்துக்கொண்டு ஓடும் கள்வர் பற்றிய செய்தி நமது பத்திரிகை வாசகருக்குப் புதிதல்ல. செத்தல் மிளகாய் அரைக்கும் மில்லில் வேலை செய்பவரும், குசினியில் தூள் டப்பாவைக் கவிழ்த்த குழந்தையும் இந்த மூன்றாம் வகையிலேயே அடங்குவர்.

எது பட்டது என்று முதலில் கேட்பது வீண் விசாரணை அன்று. சிகிச்சையின் வரிசையே அதில்தான் தங்கியிருக்கிறது. சி.எஸ். பட்டவரைக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, உடுப்பை மாற்றினாலே பெரும்பகுதி போய்விடும்; தோலை நனைக்கும்போது எரிவு சற்றுக் கூடித்தான் பிறகு குறையும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஸ்பிரே எண்ணெய்த்தன்மை கொண்டது. காற்று மட்டும் போதாது, தண்ணீரும் சவர்க்கார நுரையும் வேண்டும். தூள் என்றால் நனைக்குமுன் உலர்ந்தபடியே தட்டி, துடைத்து விடவேண்டும். இல்லையேல் தண்ணீர் அதைக் குழம்பாக்கி முகம் முழுக்கப் பூசிவிடும். தூளின் மணிகள் இமைக்கு அடியில் ஒளிந்திருந்து கருவிழியைச் சுரண்டுவதும் உண்டு. உடுப்பில் படிந்த நிறம், கமறும் நெடி, பக்கத்தில் நின்றவர் சொல்லும் சாட்சி ஆகிய மூன்றையும் வைத்து அரை நிமிடத்தில் இதை அனுமானித்துவிடலாம்.

எரிகிறது, ஆனால் வேகவில்லை

மிளகாயின் உறைப்புக்குக் காரணமான பொருள் கப்சைசின். அது தோலைச் சுடுவதில்லை. நமது நரம்பு நுனிகளில் டி.ஆர்.பி.வி. 1 என்றொரு புரத வாயில் இருக்கிறது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் பட்டால் அது திறந்து, சூடு சூடு என்று மூளைக்குச் சொல்லும். கப்சைசின் அதே வாயிலை வெப்பமில்லாமலே திறந்துவிடுகிறது. 1997இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு இந்த வாயிலை இனங்கண்டது. 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை அவர் ஆர்டெம் பட்டபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். சி.எஸ். தாக்குவது டி.ஆர்.பி.ஏ. 1 என்ற இன்னொரு வாயிலை.

இதிலிருந்து மருத்துவ உதவியாளர் விளங்கிக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, வலியின் அளவு காயத்தின் அளவைக் காட்டாது. மிக மோசமாக அலறுபவரின் தோலில் சிவப்பைத் தவிர ஒன்றும் இராது. இரண்டாவது, கப்சைசின் தண்ணீரில் கரையாது. கொழுப்பிலும் மதுசாரத்திலும் கரையும். ஆகவே தண்ணீர் அதைக் கரைத்து அகற்றுவதில்லை, அள்ளிக்கொண்டு போகிறது. குளிர்ந்த தண்ணீர் வேறொரு நன்மையும் செய்கிறது. வெப்ப வாயில் குளிரில் அடங்கும். வெந்நீர் பட்டால் வலி கூடும் என்பதும் இதனாலேயே.

நரம்பு தூண்டப்படும்போது அங்கே இரத்தக்குழாய்கள் விரிகின்றன, திசு வீங்குகிறது, சளி பெருகுகிறது. கண்மூடித் தசை இறுகி இமை தானாகவே பூட்டிக்கொள்ளும். தொண்டையும் மூச்சுக்குழாயும் சுருங்கி இருமல் வரும். நலமாக உள்ள ஒருவருக்குக் கண் திறக்கவே பத்து இருபது நிமிடம் ஆகலாம்; பெரும்பாலான உபாதைகள் அரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் தணிந்துவிடும்; தோலின் எரிவு மட்டும் சில மணித்தியாலங்கள் நீடிக்கலாம்.

பாலா, தண்ணீரா?

போராட்டக் களங்களில் உலகெங்கும் ஒரு நாட்டு வைத்தியம் புழங்குகிறது. பால் ஊற்றுவார்கள். இரைப்பைப் புளிப்புக்குக் குடிக்கும் வெண்மருந்தைத் தண்ணீருடன் கலந்து தெளிப்பார்கள். குழந்தைகளின் ஷாம்பு, பற்பசை, வினாகிரி, வெங்காயம் என்று பட்டியல் நீளும். நமது ஊர்களில் கண்ணில் எது விழுந்தாலும் தாய்ப்பால் விடும் வழக்கமும், மிளகாய் அரிந்த கை எரிந்தால் தேங்காயெண்ணெய் தடவும் வழக்கமும் இருக்கின்றன.

இவற்றுள் சிலவற்றை 2008இல் வெளியான ஓர் ஆய்வு நேருக்கு நேர் ஒப்பிட்டது. பெப்பர் ஸ்பிரேயைத் தாமாக முன்வந்து முகத்தில் ஏற்றுக்கொண்ட 49 பேரை ஐந்து பிரிவாக்கி, புளிப்பு நீக்கி மருந்து, லிடோகேன் என்ற மரப்பு மருந்தின் களி, குழந்தைகளுக்கான ஷாம்பு, பால், தண்ணீர் ஆகியவற்றைக் கொடுத்து, ஒரு மணித்தியாலம் வரை வலியை அளந்தார்கள். ஐந்துக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. எல்லோருக்கும் வலியைக் குறைத்தது காலம். பத்தாண்டுகள் கழித்து, 2018இல், பொலிஸ் பயிலுநர்களிடையே ஷாம்புவைத் தண்ணீருடன் ஒப்பிட்ட இன்னோர் ஆய்வும் ஷாம்புவுக்குத் தனிச் சிறப்பு எதையும் காணவில்லை.

மலிவானது, எங்கும் கிடைப்பது, தீங்கு குறைந்தது எதுவோ அதையே எடு என்பதுதான் இந்த முடிவுகள் தரும் வழிகாட்டல். அது தண்ணீர். பால் கிருமிநீக்கம் செய்யப்பட்டதல்ல, தாய்ப்பாலும் அப்படித்தான். கருவிழியில் கீறல் இருந்தால் அது நோய்க்கிருமிக்கு வாசல் திறக்கும். எலுமிச்சையும் வினாகிரியும் அமிலங்கள். கண்ணருகே அவற்றுக்கு இடமில்லை. எண்ணெய் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். மிளகாய் அரிந்த விரல்களுக்கு எண்ணெய் தடவும் அம்மாமாரின் வழக்கம் பிழையானதல்ல. கப்சைசின் எண்ணெயில் கரையும், பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினால் இரண்டும் சேர்ந்து போகும். ஆனால் ஸ்பிரே பட்ட முகத்தில் அதைச் செய்தால் காரம் கண்ணுக்குள்ளும் உதட்டுக்குள்ளும் வழிந்து பரவும். எண்ணெய்ப்பசையுள்ள களிம்புகளும் எரிவூட்டும் பொருளைத் தோலோடு ஒட்டவைத்துவிடும். கைக்கு உகந்தது முகத்துக்கு உகந்ததாகாது.

வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து தொடங்குவது

குடாநாட்டில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருவது சுவசெரிய அம்புலன்ஸ். இந்திய நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவையின் நாடளாவிய விரிவாக்கம் 2018 ஜூலை 21ஆம் திகதி யாழ்ப்பாணத்திலேயே தொடக்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் விபத்தில் சிக்கியவரைக் கையில் கிடைத்த ஓட்டோவில் ஏற்றி ஓடுவதே பெரும்பாலும் வழக்கமாயிருந்தது. இப்போது பயிற்சி பெற்ற ஒருவர் வாசலுக்கு வருகிறார். அவர் செய்ய வேண்டியவற்றின் வரிசை இதுதான்.

வண்டியைக் காற்று வரும் பக்கமாக, சம்பவ இடத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்த வேண்டும். குடாநாடு எப்போதும் காற்று அடிக்கும் தட்டை நிலம். சோளகமோ வாடையோ எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று உள்ளூர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இறங்குமுன் கையுறை இரண்டு சோடி, கண்கவசம், முகக்கவசம். உதவப் போனவரின் கண்ணும் மூடிக்கொண்டால் நோயாளி ஒருவர் கூடுவார், உதவியாளர் ஒருவர் குறைவார். மேலே பார்த்து மின்கம்பி, கீழே பார்த்து முட்கம்பி, உடைந்த கண்ணாடி, வெடிக்காத குண்டு. அதன் பிறகே நோயாளி.

பாதிக்கப்பட்டவரை நடத்திக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்து இருத்த வேண்டும். மேலுடுப்பைத் தலைவழியாக உருவக்கூடாது. அது காரத்தை மீண்டும் முகத்தில் தேய்க்கும். முன்பக்கம் கத்தரியால் வெட்டி அகற்றலாம். பெண்களுக்கு மறைப்பும் மாற்றுத்துணியும் முதலிலேயே ஆயத்தமாக இருக்க வேண்டும். இல்லையேல் அவர்கள் எரிவைச் சகித்துக்கொண்டு உடுப்போடு இருந்துவிடுவார்கள். கழற்றியதை இரட்டைப் பையில் கட்டி, பெயர் எழுதி வைக்க வேண்டும். கண்ணுக்குள் வில்லை அணிந்திருக்கிறாரா என்று கேட்டு, கழுவிய கையால் அவரையே கழற்றச் சொல்ல வேண்டும்.

இதற்கிடையிலேயே பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். “அண்ணை, கண்ணைத் தேய்க்காதேங்கோ. சிமிட்டிச் சிமிட்டித் திறவுங்கோ. எரியும், ஆனா குறைஞ்சுவிடும்” என்ற மூன்று வசனங்கள் ஒரு மருந்துக்குச் சமம். கண் தெரியாத நிலையில் வரும் பீதி மூச்சை வேகமாக்கும். வேகமான மூச்சு இன்னும் காரத்தை உள்ளே இழுக்கும். பேச்சு வேறொரு வேலையும் செய்கிறது. முழு வசனத்தில் பதில் சொல்பவரின் மூச்சு வழி திறந்திருக்கிறது. ஒரு சொல், இடைவெளி, இன்னொரு சொல் என்று திக்குபவரை உடனே வரிசையின் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

கிணறும் சேலைனும்

கண்ணைக் கழுவ உகந்தது சேலைன். போத்தலோடு சொட்டுக் குழாயை இணைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஓடவிட்டு, இமையை விரலால் விரித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவுவது முறை. கழுவும் கண் கீழ்ப்பக்கமாகத் தலையைச் சாய்த்தால் ஒரு கண்ணின் அழுக்கு மற்றதற்குள் போகாது. ஒருவருக்கே ஒன்றிரண்டு லீற்றர் செலவாகும். பத்துப்பேர் என்றால் எந்த அம்புலன்ஸிலும் அவ்வளவு சேலைன் இராது.

இங்கேதான் யாழ்ப்பாணத்து வளவு கைகொடுக்கிறது. வற்றாத ஆறு இல்லாத இந்த நிலத்தில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. குடிக்கக்கூடிய நல்ல தண்ணீர் கண் கழுவவும் ஏற்றது. கிருமியற்ற சேலைனுக்காகக் காத்திருந்து பத்து நிமிடத்தை இழப்பதைவிட, வாளித் தண்ணீரை உடனே ஊற்றுவது மேல். ஆனால் எல்லாக் கிணறும் ஒன்றல்ல. கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் ஏறியிருக்கிறது. சேலைனில் உப்பு 0.9 சதவீதம், கடல்நீரில் ஏறத்தாழ 3.5 சதவீதம். கடற்கரையில் நின்றாலும் கடல்நீரைக் கண்ணில் ஊற்றக்கூடாது. சுன்னாகம் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பானது. எண்ணெய் மிதக்கும், நெடியடிக்கும் தண்ணீர் எரிவுக்கு மருந்தாகாது. ஊர்க்காரரிடம் “இது குடிக்கிற தண்ணியோ?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

தண்ணீரின் இன்னொரு குணமும் கவனிக்கத்தக்கது. சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வரும் நமது கிணற்றுநீர் கடினநீர். அதில் சாதாரண சவர்க்காரம் நுரைக்காமல் பிசுபிசுத்த படலமாகத் திரிந்துவிடும் என்பது இங்கே உடுப்புத் தோய்க்கும் எவருக்கும் தெரியும். எண்ணெய்ப்பிசினைத் தோலிலிருந்து எடுக்க நுரை அவசியம். ஷாம்புவும் பாத்திரம் கழுவும் திரவமும் கடினநீரிலும் நுரைக்கும். எனவே அம்புலன்ஸில் ஒரு சிறு போத்தல் மணமற்ற ஷாம்பு இருப்பது நல்லது. மேற்குறித்த ஆய்வுகளில் ஷாம்பு தண்ணீரை விஞ்சவில்லை என்பது உண்மைதான். அவை அளந்தது வலியை. கழுத்திலும் தலைமயிரிலும் தங்கியிருக்கும் எண்ணெயை அகற்றி, அது வியர்வையோடும் குளிப்போடும் மறுபடி கண்ணுக்குள் இறங்காமல் தடுப்பது வேறு வேலை. தேய்க்காமல், நுரையைத் தடவி, நிறையத் தண்ணீரால் அலசி, ஒற்றி எடுக்க வேண்டும். தலையை முன்னால் குனியவைத்துக் கழுவினால் வழிவது முகத்தில் படாது.

யாரை வைத்தியசாலைக்கு அனுப்புவது?

கலிபோர்னிய நச்சுத்தகவல் சேவைக்கு 2002 முதல் 2011 வரை வந்த பெப்பர் ஸ்பிரே சம்பவங்கள் 3,671ஐ ஆராய்ந்த கட்டுரை 2014இல் வெளியானது. மருத்துவ மதிப்பீடு வேண்டிய கடுமையான அறிகுறிகள் இருந்தவர்கள் 249 பேர், அதாவது 6.8 சதவீதம். ஏறத்தாழப் பதினைந்து பேரில் ஒருவர். கண்ணீர்ப்புகை உள்ளிட்ட கூட்டங்கலைக்கும் இரசாயனங்கள் பற்றிய 31 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மீளாய்வு 5,131 பேரைக் கணக்கில் எடுத்தது. அவர்களில் இருவர் இறந்தனர், 58 பேருக்கு நிரந்தர ஊனம். பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள் என்பதும், தப்பாத சிலர் எப்போதும் இருக்கிறார்கள் என்பதும் ஒரே சமயத்தில் உண்மை.

அந்தச் சிலரில் முதலில் தேட வேண்டியது தொய்வு (ஆஸ்துமா) வருத்தக்காரரை. அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, பெப்பர் ஸ்பிரே தெளிக்கப்பட்டபின் காவலில் நிகழ்ந்த 63 மரணங்களைப் பரிசீலித்தது. ஸ்பிரேக்குப் பங்கிருந்ததாகக் கண்டவை இரண்டே. இருவருமே ஆஸ்துமா நோயாளிகள். எனவே “முட்டு வருத்தம் இருக்கோ? பம்ப் பாவிக்கிறனீங்களோ?” என்ற கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். இழுப்புச் சத்தம், விலா உள்வாங்குதல், குரல் கம்முதல், மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சொலி, ஒட்சிசன் அளவு குறைதல் ஆகிய எதைக் கண்டாலும் கண் கழுவுவதை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டு மூச்சைக் கவனிக்க வேண்டும். தமக்கு வகுக்கப்பட்ட மருத்துவ வரையறைக்குள் ஒட்சிசன், சல்பியூட்டமோல் நெபுலைசர், உடனடி ஏற்றம். கொழும்பில் 2022 ஜூலை 13ஆம் திகதி பிரதமர் அலுவலகத்தின் முன் கண்ணீர்ப்புகை வீசப்பட்டபின் மூச்சுத்திணறி இறந்த இளைஞரின் வயது 26. இளமை பாதுகாப்பாகாது.

குழந்தைகளின் மூச்சுக்குழாய் ஒடுங்கியது. கொஞ்ச வீக்கமே அதை அடைத்துவிடும். தற்செயலாக ஸ்பிரே பட்ட நான்கு வாரக் கைக்குழந்தை ஒன்றின் சுவாசம் செயலிழந்து, உடலுக்கு வெளியே இரத்தத்துக்கு ஒட்சிசன் ஏற்றும் இயந்திரத்தின் உதவியால் காப்பாற்றப்பட்ட நிகழ்வு 1996இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகள், முதியோர், இருதய நோயாளிகள் ஆகியோரையும் வலி தணிந்தாலும் வைத்தியசாலையில் காட்டுவது முறை.

அடுத்தது கண். 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஸ்பிரே தெளிக்கப்பட்ட 47 பயிலுநர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கருவிழியின் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாக அரிப்பு இருந்தது. கருவிழியின் உணர்வும் சில காலம் மங்கியது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் சீராகின. உணர்வு மங்கிய கண்ணைக் கசக்கினால் காயப்படுவது தெரியவே வராது; “தேய்க்காதேங்கோ” என்பதன் காரணம் அதுதான். ஒரு மீற்றருக்கும் குறைவான தூரத்திலிருந்து அழுத்தத்தோடு பாய்ந்த திரவம் கண்ணைத் துளைத்தும் காயப்படுத்தலாம். நன்றாகக் கழுவியபின் ஒரு மணித்தியாலம் கடந்தும் வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், மணல் உறுத்துவது போன்ற உணர்வு, பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கண் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். மரப்புத் துளிமருந்து உடனே சுகம் தரும். ஆனால் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி ஆறுவதைக் கெடுக்கும். அதை நோயாளியின் கையில் கொடுத்தனுப்பக் கூடாது.

கடைசியாக, எரிவுக்குச் சம்பந்தமில்லாத காயங்கள். குண்டின் உலோக உறை தலையில் பட்டிருக்கலாம். மதில் பாய்ந்ததில் கால் முறிந்திருக்கலாம். மயக்கம், வாந்தி, தடுமாறிய பேச்சு ஆகியவற்றை மிளகாயின் விளைவென்று விட்டுவிடக் கூடாது; தலைக்காயத்தையோ வெறியையோ சீனிக்குறைவையோ தேட வேண்டும்.

யாழ் போதனா வைத்தியசாலைக்கு எல்லோரையும் கொண்டுபோக வேண்டியதில்லை. தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் பெரும்பாலானோருக்குப் போதும். நெடுந்தீவிலோ படகேறிக் குறிகாட்டுவான் வந்தபின்தான் தரைவழி தொடங்கும். அங்கே “ஒரு மணித்தியாலம் பார்ப்போம்” என்ற விதியைச் சுருக்கி, தொய்வுக்காரரை முதல் படகிலேயே அனுப்பிவிட வேண்டும். வண்டியில் ஏற்றும்போது யன்னலைத் திறந்து, குளிரூட்டியில் உள்காற்றே சுழலும் விசையை நிறுத்தி, வைத்தியசாலைக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கழுவாத ஒருவரை அவசரப் பிரிவுக்குள் தள்ளிச் சென்றால் அங்கே உள்ள தொய்வு நோயாளிகள் எல்லோரும் இருமத் தொடங்குவார்கள்.

கைவிலங்கோடு வரும் நோயாளி

ஸ்பிரே பட்டவர் பல வேளைகளில் பொலிஸ் பிடியில் இருப்பார். குப்புறக் கிடத்தி, கையைப் பின்னால் கட்டி, முதுகில் முழங்காலை ஊன்றிய நிலையில் ஒருவரைக் கண்டால் முதல் சிகிச்சை அந்த நிலையை மாற்றுவதுதான். எரிந்து சுருங்கிய மூச்சுக்குழாயோடு நெஞ்சும் விரிய முடியாமற்போனால் நிமிடங்களில் காரியம் முடிந்துவிடும். “சேர், இவரை இருத்தி வைக்க வேணும், மூச்சு எடுக்க ஏலாமல் இருக்கு” என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லும் பயிற்சி, நெபுலைசர் பூட்டும் பயிற்சிக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல. திமிறியவர் திடீரென அடங்கிவிட்டால் அதைப் பணிவென்று எண்ணாமல் நாடியைப் பார்க்க வேண்டும்.

இந்த மண்ணில் இன்னொன்றையும் மனதில் கொள்ள வேண்டும். போர்க்காலத் தடுப்புக் காவலில் மிளகாய்த்தூள் சித்திரவதைக் கருவியாக இருந்தது. மிளகாய்த்தூளோ பெற்றோலோ இட்ட பிளாஸ்ரிக் பையால் தலையை மூடுவது பற்றிய வாக்குமூலங்கள் 2015இல் வெளிவந்த ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் விசாரணை அறிக்கையிலும் உண்டு. நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் ஒட்சிசன் முகமூடியை முகத்தருகே கொண்டுபோனதும் வெறிகொண்டு தட்டிவிட்டால், அவர் ஒத்துழைக்க மறுக்கிறார் என்று குறித்துக்கொண்டு நகர்வது எளிது. முகமூடியை அவர் கையிலேயே கொடுத்து, என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொரு படியாகச் சொல்லி, முகத்தை மூடாமல் சற்றுத் தள்ளிப் பிடிக்கவிட்டாலும் மருந்து ஓரளவு உள்ளே போகும். பழைய பயத்துக்கு இடம் விட்டுச் செய்யும் சிகிச்சையே விரைவில் முடியும் சிகிச்சை.

பதிவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். எந்த நேரம், எவ்வளவு தூரத்திலிருந்து, திறந்த வெளியிலா அறைக்குள்ளா, எவ்வளவு நேரம் கழுவப்பட்டது, முதலில் கண்ட ஒட்சிசன் அளவு என்ன என்பன எழுதப்பட வேண்டும். சட்ட மருத்துவ அதிகாரி பின்னர் பரிசோதிக்கும்போது சிவப்பு மறைந்திருக்கும். கழுவப்பட்ட தோல் எதையும் சொல்லாது. முதலில் பார்த்தவரின் குறிப்பும் பையில் கட்டிய உடுப்புமே அப்போது எஞ்சியிருக்கும் சாட்சி. யார் தெளித்தார், நியாயமா இல்லையா என்ற தீர்ப்பை எழுதுவது அம்புலன்ஸ்காரரின் வேலை அன்று. கண்டதைக் கண்டபடி எழுதுவது அவர் வேலை. அடிபட்ட பொலிஸ்காரருக்கும் அடிபட்ட மாணவனுக்கும் அதே தண்ணீர், அதே வரிசை, அதே தாள்.

போரில் தடை, வீதியில் அனுமதி

இலங்கை 1994இல் ஏற்றுக்கொண்ட இரசாயன ஆயுதச் சமவாயம், கலகமடக்கும் இரசாயனங்களைப் போர்முறையாகப் பயன்படுத்துவதைத் தடைசெய்கிறது. உள்நாட்டுச் சட்ட ஒழுங்குக்குப் பயன்படுத்த இடம் விடுகிறது. ஆகவே இவை வீதியில் தொடர்ந்து இருக்கப்போகின்றன. அவற்றைப் பயன்படுத்துவதா என்பது அரசியல் விவாதம். பயன்படுத்தியபின் என்ன செய்வது என்பதை அந்த விவாதம் முடியும்வரை ஒத்திவைக்க முடியாது.

அதற்குக் குடாநாட்டில் பெருஞ்செலவு எதுவும் வேண்டாம். தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்ட சிகிச்சை வரிசை ஒவ்வொரு அம்புலன்ஸிலும் ஒட்டப்பட வேண்டும். பாடசாலைகளின் முதலுதவி அணிகளுக்கும் மிளகாய் மில் உரிமையாளர்களுக்கும் கண் கழுவும் முறையை ஒரு பிற்பகலில் கற்பித்துவிடலாம். ஆர்ப்பாட்டம் நடக்கவிருக்கும் நாட்களில் தண்ணீர்ப் பீப்பாவும் மாற்றுத்துணியும் காற்று வரும் பக்கத்தில் ஆயத்தமாக இருக்கலாம். பொலிஸ் பயிற்சியில், தெளித்தவரே தெளிக்கப்பட்டவரை நிமிர்த்தி இருத்தி, தண்ணீர் கொடுத்து, அம்புலன்ஸை அழைக்கும் கடமை சேர்க்கப்படலாம். மருந்து என்று சொல்லத்தக்க எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. பதினைந்தில் பதினான்கு பேருக்குத் தண்ணீரும் பொறுமையும் போதும். அவர்களை ஊர்ச்சனமே பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டால், அம்புலன்ஸில் வந்தவரின் இரு கைகளும் பதினைந்தாவது ஆளுக்கு முழுமையாகக் கிடைக்கும்.